ஒட்டப்பட்ட கோடுகள்

வாசகர்களே, ஓர் அநீதிக்குச் சாட்சியாக வாருங்கள்!

ஒரு பதிப்பகத்தின் கடைசி அறையில், கயிற்று முடிச்சுகளை ஆராயும் கணித நூலொன்றுக்காக, ஒருத்தி தன்னந்தனியாய் அமர்ந்து முடிச்சுகளை வரைந்தாள். கையால் அல்ல, கணினிக்குக் கட்டளைவரிகள் எழுதி வரைந்தாள். கோடுகள் குறுக்கிடும் இடந்தோறும், கீழே செல்லும் கோட்டைச் சற்றே வெட்டி இடைவெளி விட்டாள். எது மேல், எது கீழ் என்று சொல்வது அந்த இடைவெளிதான். அது இல்லையேல் முடிச்சு இல்லை, வெறும் கிறுக்கல்.

அச்சுக்குப் போகும் காலையில் படம் திருத்துபவர் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, உங்க கோடெல்லாம் அங்கங்க அறுந்து கிடந்துச்சு. ஒண்ணு விடாம ஒட்டிட்டேன். ஒரு டீயாவது வாங்கிக் குடுங்க!"

அவள் மேலாளரிடம் ஓடினாள்.

"சார், இப்படியே போனா எல்லாப் படமும் தப்பு. சரியான படம் என்கிட்ட இருக்கு. மாத்திடலாம் சார்."

"அட, விடும்மா! மூணு பேர் படிக்கிற புஸ்தகம். அதுலயும் ரெண்டு பேர் பாதியில தூங்கிடுவாங்க."

அறையே சிரித்தது. இயந்திரம் ஓடத் தொடங்கியது. அவள் தன் அறைக்குத் திரும்பினாள். சரியான படத்தைத் திரையில் திறந்துவைத்து, காட்ட ஆளின்றி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படிப்பவர் ஒருவரே ஆனாலும், அவருக்குப் பொய்யை விற்க எவருக்கு உரிமை? அந்த நூல் உங்கள் கையில் இருந்தால் இன்றே பதிப்பகத்துக்குத் திருப்பி அனுப்புங்கள். அவள் வரைந்த படங்களைக் கேட்டு வாங்குங்கள்!