கோட்டில் உட்காராத கொத்து

எல்லாரும் சௌக்கியம்தானே? சளி, மூட்டுவலி எல்லாம் பரவாயில்லையா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, இந்தக் கதைதான் படுத்துகிறது. புதுச்சேரி குருசுக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியில் தங்கி ஆராய்ச்சி செய்கிற என் தங்கை மகள் கலைவாணி, இந்த 2008 ஆகஸ்டில் என்னோடு போட்ட சண்டையில் பிறந்தது இது.

1

வானத்தை அண்ணாந்து பார்த்தபடி கலைவாணி...

(வேண்டாம். அவள் அண்ணாந்து பார்த்ததே இல்லை. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர்தான்.)

2

சரி, அவள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். விண்மீன் மண்டலங்கள் நூற்றுக்கணக்கில் கொத்தாகக் கூடிக் கிடக்குமாம். நடுவே பயங்கரச் சூட்டில் வாயு. அது எக்ஸ்ரேயாக ஒளி விடும்.* அந்தச் சூட்டை அளந்தால் கொத்தின் எடை தெரியும். எந்தக் காலத்தில் எத்தனை கனத்த கொத்துகள் இருந்தன என்று எண்ணினால், பிரபஞ்சம் எப்படி விரிகிறது என்று சொல்லிவிடலாமாம்.

(*எனக்குத் தெரிந்த எக்ஸ்ரே, எங்கள் ஊர்க் கதிர்காமத்தில் என் இடுப்புக்கு எடுத்தது. இதற்கோ பூமிக்கு மேலே சுற்றுகிற தொலைநோக்கி வேண்டும்.)

3

அவளிடம் நாற்பது கொத்துகள். ஒன்றைத் தவிர எல்லாம் வரைபடத்தில் அவள் எதிர்பார்த்த கோட்டின் மேல் ஒழுங்காக உட்கார்ந்தன. அந்த ஒன்று இன்னொரு கொத்தோடு மோதிக்கொண்டிருந்தது. மோதினால் சூடு ஏறும், எடை தப்பாக வரும். அவளுடைய கைடு சுப்பிரமணியன் அதை எடுத்துவிடச் சொன்னார். நியாயமான காரணம்தான். எடுத்துவிட்டுத் தீசிஸைக் கொடுத்தால் அக்டோபரில் பிரான்சில் வேலை.

"தூக்கிப் போட்டுட்டுக் கெளம்பேன்டி!" என்றேன்.

"பெரிம்மா, அது மோதுதான்னு எப்பத் தேடினேன் தெரியுமா? கோட்டுல ஒக்காரலன்னு தெரிஞ்சப்புறம்."

"அதான் கண்டுபுடிச்சிட்டியே?"

"மத்ததுல தேடவே இல்லியே! சொன்ன பேச்சு கேட்டுச்சின்னு வுட்டுட்டேன். அதுங்கள்லயும் மோதுறது இருந்தா?"

"இருந்துட்டுப் போவுது! பிரான்சுக்காரன் வந்து எட்டிப் பாக்கப் போறானா?"

"பாக்க மாட்டான். அதான் எரிச்சலா இருக்கு." சொல்லிவிட்டு அழுதாள்.

எல்லாவற்றையும் மறுபடி பார்க்க ஒரு வருஷம் ஆகும். பிரான்ஸ் வேலை காத்திருக்காது.

4

முடிவு ஒன்று: எடுத்துவிட்டாள், விமானம் ஏறினாள்.

முடிவு இரண்டு: எடுக்கவில்லை. வேலை போனாலும் நிம்மதியாக...

(யாருக்கு நிம்மதி? அவள் அம்மா என்னோடு பேசுவதையே நிறுத்திவிடுவாள்.)

ஆனாலும் இரண்டாவதுதான் கம்பீரமாக இருந்தது. அதற்குத் தோதாக மேலே அவளைப் பிடிவாதக்காரியாக மாற்றினேன், அழுத இடத்தை வெட்டினேன். படிக்கக் கொடுத்தேன்.

"நான் அழுதது எங்க?"

"அது கதையோட ஒட்டல."

"முடிவ மொதல்ல வச்சிக்கினு, ஒட்டாதத வெட்டறியா? நீயுமா பெரிம்மா?"

5

அழுகையைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். முடிவுகள் இரண்டும் அப்படியே கிடக்கட்டும், எனக்கு வேண்டாம். மாடியில் அவள் மற்ற கொத்துகளை ஒவ்வொன்றாகத் தோண்ட ஆரம்பித்திருக்கிறாள். பிரான்சுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

சரியாக வந்துவிட்டதென்று திரும்பிக்கூடப் பார்க்காமல் விட்டது உங்களிடமும் ஏதாவது இருக்கும். அதை எனக்கு எழுதுங்கள். எப்படி முடிந்தது என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். அதற்கேற்றாற்போல் படிக்க ஆரம்பித்துவிடுவேன்.