நான்கு நாளுக்கு எந்தக் காடு

1

இந்தக் கதை என் மேசைமேல் கிடந்த ஒரு படிவத்தில் பிறந்தது. அருஷாவில் ஒரு சஃபாரி நிறுவனத்தில் பதினேழு வருடமாக எனக்கு எழுத்து வேலை. எத்தனை நாள், என்ன பார்க்க ஆசை, குலுங்குகிற பாதையை முதுகு தாங்குமா? இந்த மூன்றுக்கும் பதில் வந்தால் எந்தக் காட்டுக்குப் போகலாம் என்று விருந்தாளிக்குச் சொல்லிவிடுவோம். போன வாரம் வந்த படிவத்தில் எங்கள் ஓட்டுநரின் மனைவி பெயர் இருந்தது.

(பொய். படிவம் எதுவும் வரவில்லை. அந்த ஓட்டுநர் ஜப்லோன் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார், அவ்வளவுதான். "தம்பி, வடக்கே போற பாதை கெட்டுக் கிடக்குன்னு ஒரு தாள்ல அடிச்சுத் தர்றியா? வீட்ல காட்டணும்" என்றார். ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.)

2

முதல் தொடக்கம்: 'கதிரவன் சவானாவின் மேல் செந்நிறப் போர்வையை…' சீச்சீ. இது விளம்பரத் தாளுக்கு நான் எழுதுவது. கை பழகிவிட்டது.

இரண்டாவது: ஜப்லோன் ம்பிஸே இருபத்தாறு வருடம் சஃபாரி வண்டி ஓட்டியவர். எந்தக் காடு என்று கேட்டால் நாக்கு நுனியில் பதில் வைத்திருப்பார். யானையா, தராங்கிரே. காண்டாமிருகமா, கொரோங்கோரோ பள்ளம். முதுகுவலியா, மன்யாராவோடு நிறுத்திக்கொள். ஓய்வு பெறும்போது முதலாளி வண்டியையும் டீசலையும் நான்கு நாளுக்குக் கொடுத்து, "வீட்டுக்காரியைக் கூட்டிட்டு எங்க வேணும்னாலும் போ" என்றார். அவர் மனைவி அனாயெலி இருபத்திரண்டு வருடமாக விருந்தாளிகளின் மதியச் சாப்பாட்டைப் பெட்டி பெட்டியாகக் கட்டி அனுப்புகிறவள். அவள் கட்டிய கோழிக்கால்கள் எல்லாக் காடுகளையும் பார்த்தாயிற்று. அவள் ஒரு காட்டின் வாசலையும் மிதித்ததில்லை.

இதை வைத்துக்கொள்வோம்.

3

அனாயெலி வாசலில் உட்கார்ந்து வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். ஜப்லோன் ஒரு விருந்தாளியிடம் கேட்பதைப் போலவே கேட்டார்.

"சொல்லு, மாமா சிஃபா. நாலு நாள். எந்தக் காடு?"

(சிரிக்காதீர்கள். இங்கே மாமா என்றால் அம்மா, பாபா என்றால் அப்பா. தலைச்சன் பிள்ளையின் பெயரைச் சேர்த்துத்தான் புருஷன் பெண்டாட்டியைக் கூப்பிடுவான், அவளும் அவனை. சிஃபா நான்கு வயதில் மலேரியாவில் போய்விட்டான். பத்தொன்பது வருடமாயிற்று. பின்னால் இரண்டு பெண்கள் பிறந்தும் பெயர் மாறவில்லை. உப்பு எடுத்துக் கொடு என்பதற்கும் அந்த வீட்டில் அவன் பெயரைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.)

"மாரா ஆத்தங்கரைக்கு" என்றாள் அனாயெலி.

"அது செரெங்கெட்டிக்கு வடகோடி. பத்து மணி நேரம் குலுக்கும். உன் இடுப்பு கழண்டு கையோட வந்துடும்."

"எழுபது வயசு ஜெர்மன்காரியைக் கூட்டிட்டுப் போனீங்களே. அவ இடுப்பு என்ன இரும்பா?"

"தராங்கிரேக்குப் போலாம். யானை கூட்டம் கூட்டமா நிக்கும்."

"யானைய நம்ம சோளக்கொல்லையிலயே பார்த்தாச்சு. விரட்டினது நான். நீங்க அப்பவும் ஊர்ல இல்ல."

"மன்யாராவுல சிங்கம் மரத்து மேல படுத்திருக்கும்."

"வேலை வெட்டி இல்லாம படுத்திருக்கிறத நான் போய் வேற பார்க்கணுமா? பாபா சிஃபா, கேட்டீங்க, சொன்னேன். நியும்பு மாட்டு மந்தை ஆத்தைக் கடக்குமே, அந்தத் துறை. அன்னிக்கு நீங்க எங்க நின்னீங்களோ அங்க."

ஜப்லோன் பேச்சை மாற்றி, டயருக்குக் காற்று பார்க்க எழுந்து போனார். காற்று காலையிலேயே பார்த்தாகிவிட்டது.

4

சிஃபா இறந்த அன்றைக்கு மாரா கரையில் நடந்ததை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதலில் முகாமின் ரேடியோவைப் பழுதாக்கினேன். செய்தி வரவில்லை, மனிதர்மேல் குற்றமில்லை. இது நடந்ததில்லை, அதனால் அடித்துவிட்டேன். பிறகு பழியை விருந்தாளிகள்மேல் போட்டு, அவர்கள் விடவில்லை என்று… பாவம், இரண்டு பெல்ஜியம்காரிகள். அவர்களிடம் அவர் சொல்லவே இல்லை.

நடந்தது இது. பாதையில் இருக்கிறவனிடம் சாவுச்செய்தி சொல்வது இங்கே வழக்கமில்லை. கை நடுங்கி வண்டியைக் கவிழ்த்துவிடுவான் என்று, 'பிள்ளைக்குக் கொஞ்சம் முடியல, வந்துடு' என்பார்கள். அதன் பொருள் ஊருக்கே தெரியும். ஜப்லோனே இரண்டு பேருக்கு அப்படிச் சொல்லி அனுப்பியவர். அன்று காலை ஒன்பது மணிக்கு ரேடியோக்கார லோமயானி அதே வார்த்தைகளை அவரிடம் சொன்னார். எதிரே கரை முழுக்க, தாடி வைத்த காட்டுமாடுகளான அந்த நியும்புகள் ஆயிரக்கணக்கில் முட்டிக்கொண்டு நின்றன. ஜப்லோன் வார்த்தையை வார்த்தையாகவே எடுத்துக்கொண்டார். கொஞ்சம் முடியவில்லை, அவ்வளவுதானே. மந்தை மதியம் மூன்று மணிக்கு ஆற்றில் இறங்கியது, அதுவரை அங்கேயே நின்றார். மறுநாள் விடியலில்தான் அவர் கிளம்பினார். வீட்டில், செய்தி சாயங்காலம்தான் வந்தது என்று சொல்லிவிட்டார்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவேண்டும். வரவில்லை. வண்டியை எடுத்துவிட்டால் பிள்ளை செத்தது நிஜமாகிவிடும் என்று பயந்திருப்பார். நானாக இருந்தாலும் நின்றிருப்பேன்.

5

வியாழக்கிழமை கிளம்பினார்கள். மகுயூனி கூட்டுரோட்டில் ஜப்லோன் வண்டியை ஓரங்கட்டினார். நேரே போனால் தராங்கிரே. வலப்பக்கம் திரும்பினால் வடக்கு.

"ஒண்ணு சொல்லணும்."

"சாயங்காலம் இல்ல, காலைலயே தெரியும். அதானே?"

ஜப்லோன் எஞ்சினை அணைத்தார்.

"லோமயானி அடக்கத்துக்கு வந்தாரு" என்றாள் அனாயெலி. "ஒம்பது மணிக்கே சொன்னேனே, ஏன் இவ்வளவு நேரம்னு எங்கிட்டயே கேட்டாரு."

"பத்தொம்பது வருஷம். ஒரு நாளாவது என்னைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா ஒரு பதில் சொல்லுவீங்க. அந்தப் பதில் எனக்குப் பிடிக்கலைன்னா? அப்புறம் உங்களுக்கு எப்படி சோறு போடுறது?"

"இப்ப மட்டும் எதுக்கு?"

"இனிமே தினம் வீட்லதானே இருக்கப் போறீங்க. ஒரு மனுஷனை அப்படி நிக்க வெச்சது என்னன்னு ஒருதடவை பார்த்துடணும். பார்த்து எனக்கும் கால் நகரலைன்னா, சரி போன்னு விட்டுடுவேன்."

"நகர்ந்துட்டா?"

"வண்டிய எடுங்க."

அவர் வலப்பக்கம் திருப்பினார்.

(இந்தப் பேச்சு நடந்ததா என்று எனக்குத் தெரியாது. ஜப்லோனின் ரகசியத்தை அவர் சொன்னார். அனாயெலிக்குத் தெரியும் என்பதை லோமயானி சொன்னார். அவர் இப்போது எங்கள் அலுவலகத்தில்தான், எனக்குப் பக்கத்து நாற்காலி. இரண்டையும் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு இறங்கவில்லை, அதனால் எழுதுகிறேன். பாதை கெட்டுக் கிடக்கிறது என்று தாள் அடித்துத் தரவில்லை. அது மட்டும் நான் செய்த காரியம்.)

6

இனி உங்கள் பாடு.

இது நவம்பர். மழை முந்தினால் மந்தை தெற்கே போயிருக்கும். சில வருடம் பிந்திய கூட்டம் ஒன்று கரையிலேயே நிற்பதும் உண்டு. எழுதுகிறவன் நினைத்தால் கொண்டுவந்து நிறுத்தலாம். நிறுத்தினேன். ஆறு நிறைய நியும்பு, அனாயெலி அவர் கையைப் பிடித்துக்கொள்கிறாள். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மந்தை வந்தால்தான் மன்னிப்பு என்றால், அது என்ன மன்னிப்பு? கிழித்துவிட்டேன். அடுத்து ஆற்றைக் காலியாக்கினேன். சேற்றுத் தண்ணீர், இரண்டு நீர்யானை. அவள் கேட்கிறாள்: "இதுக்காகவா பாபா சி…" அதற்குமேல் எழுத வரவில்லை. ஜப்லோன் திங்கட்கிழமை வண்டிச் சாவியைக் கொடுக்க வருவார். என் முகத்தைப் பார்ப்பார்.

ஆகவே வண்டியைக் கடைசி மேட்டுக்கு இப்பால் விட்டிருக்கிறேன். ஆறு இன்னும் தெரியவில்லை. மந்தை வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மேட்டில் ஏறியதும் வழக்கம்போல அவர் இறங்கி, விருந்தாளிக்குக் காட்டுவதுபோல விரலை நீட்டி விளக்க ஆரம்பிப்பார். விடாதீர்கள். முதலில் அவள் பார்க்கட்டும்.