முகப்பு விளக்குக்குக் கேன் தண்ணீர்

காலையில் பல் தேய்த்துக்கொண்டே பால்கனியில் நிற்கும் பழக்கத்தை ஹேமநாதன் விட்டு ஒரு வாரமாகிறது. எதிர் வீட்டு வாசலில் நாகம்மாள் நிற்பாள் என்பதுதான் காரணம். சமையலுக்கு வாங்கும் கேன் தண்ணீரைச் சொம்பில் கொண்டுவந்து, புருஷனுடைய காரின் முகப்பு விளக்கு இரண்டின் மேலும் பதமாக ஊற்றி, பழைய வேட்டித்துணியால் ஒற்றி எடுப்பாள். சென்னையின் ஓரத்திலிருக்கும் நூம்பல் முழுக்கத் தேடினாலும் கேன் தண்ணீரில் குளிக்கும் கார் அது ஒன்றுதான் இருக்கும். அதற்கெல்லாம் காரணம் ஹேமநாதன் வாயிலிருந்து வந்த ஒரே ஒரு சொல்.

கரூரிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்து அந்தத் தெருவின் அடுக்குமாடியில் குடியேறியவன் அவன். இரண்டு மாதத்துக்கு முன் அவனுடைய பழைய காரின் விளக்குகள் மஞ்சளித்துப் போயிருந்தன. வீடியோ பார்த்து, அதற்கான சாமான்கள் அடங்கிய பெட்டி ஒன்றை ஆன்லைனில் வரவழைத்து, தானே களத்தில் இறங்கினான். சுற்றிலும் டேப் ஒட்டி, தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியாகச் சின்ன பாட்டிலில் இருந்த மேல்பூச்சைத் தடவினான். வெயில் பட்டு பிளாஸ்டிக் மறுபடி மங்காமல் காப்பது அந்தப் பூச்சுதான். ஒரு கோட்டோடு நிறுத்தியிருக்கலாம். ஆசை யாரை விட்டது? இரண்டாவது கோட்டும் அடித்து பாட்டிலைக் காலி செய்தான். பளபளக்கும் விளக்குகளைப் படம் எடுத்துக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். பாராட்டு குவிந்தது. ஐயாவுக்கு இரண்டு நாள் கால் தரையில் பாவவில்லை.

நாகம்மாளின் புருஷன் ஏகாம்பரமும் அந்த விளக்குகளைப் பார்த்துவிட்டார். நூம்பலில் தலைமுறைகளாக இருக்கும் குடும்பம். சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுகிறார்.

"இன்னா சார், புது லைட்டு மாட்டிக்கினியா?"

"இல்லண்ணா, நானே தேய்ச்சது."

"அட! நம்ம வண்டி லைட்டப் பாரு, கண்ணுல பொர வுந்த மாதிரி கீது. அடுத்த மாசம் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எஃப்.சி.க்கு வேற காட்டணும். ஒரு கை பாத்துக் குடேன் சார்."

பூச்சு தீர்ந்துவிட்டது, இரண்டு நாள் பொறுங்கள் என்று சொல்லியிருந்தால் கதையே இல்லை. ஆனால் பாராட்டு சூடு ஆறுவதற்குள் இன்னொரு பாராட்டு வாங்கிவிட வேண்டும் என்று அவனுக்கு அரிப்பு. அந்த ஞாயிறே உட்கார்ந்து தேய்த்தான், பாலிஷ் போட்டான். பூச்சைப் பற்றி மூச்சு விடவில்லை. விளக்குகள் அப்போதைக்குப் பளிச்சென்றுதான் இருந்தன. நாகம்மாள் டம்ளர் நிறைய காப்பி கொடுத்தாள். அதைக் கூச்சமே இல்லாமல் குடித்தான்.

மூன்றே வாரத்தில் விளக்குகள் முன்னைவிட மோசமாக வெளுத்துப்போயின. அடுக்குமாடியின் கேட் அருகே குடியிருப்புக்காரர்கள் ஐந்தாறு பேர் நின்றிருந்தபோது ஏகாம்பரம் கேட்டார்.

"ஏன் சார், உன்து அப்டியே கீது, என்து மட்டும் இப்டி ஆயிட்ச்சு?"

எல்லோரும் ஹேமநாதனைப் பார்த்தார்கள். அவனுக்குக் காது சுட்டது.

"எந்தத் தண்ணியிலண்ணா கழுவுறீங்க?"

"போர் தண்ணிதான்."

"அதான்."

அவ்வளவுதான் சொன்னான். மீதியை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். நூம்பலில் முடி கொட்டினாலும், குழாய் துருப்பிடித்தாலும், வாஷிங் மெஷின் நின்றாலும் பழி போர் தண்ணீருக்குத்தான். ஆளாளுக்குத் தலையாட்டினார்கள். ஏகாம்பரம் வாசலில் நின்ற நாகம்மாளைப் பார்த்துத் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "பக்கெட் பக்கெட்டா ஊத்துனியே, கண்ணு இல்ல உனுக்கு? சாரு உயிர குடுத்து செஞ்சத நாசம் பண்ணிட்டியே!"

அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். ஹேமநாதன் நைசாக மாடியேறிவிட்டான். மறுநாள் காலை சொம்போடு அவள் வந்து நின்றதைப் பார்த்ததும் பிரஷ்ஷோடு பால்கனியிலிருந்து உள்ளே போய்விட்டான். தன்னை நினைக்கவே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

புது பாட்டில் வந்த அடுத்த ஞாயிறு, "இன்னொரு தடவ போட்டுப் பாக்கலாம்ண்ணா" என்று போனான். உண்மையைச் சொல்லும் எண்ணமெல்லாம் இல்லை. சத்தமில்லாமல் பூசிவிட்டு நழுவிவிடுவதுதான் திட்டம். தேய்த்து, துடைத்து, பாட்டிலைத் திறந்தான்.

"இந்தவாட்டி கவலப்படாத சார்," என்றார் ஏகாம்பரம். "அவ பக்கெட்டயே தொட மாட்டா. அன்னிக்கு வுட்ட டோஸ்ல ரெண்டு நாளு சோறே துன்னல."

ஹேமநாதனால் அதற்கு மேல் முடியவில்லை.

"அண்ணா, தண்ணியால இல்லைங்க. கடைசியா இத அடிக்கணும். என் வண்டிக்கே ரெண்டு கோட் அடிச்சுத் தீத்துட்டேன். உங்களுக்கு அடிக்காமலே முடிஞ்சுதுன்னு சொல்லிட்டேன். அக்கா மேல தப்பே இல்லைங்கண்ணா."

ஏகாம்பரம் பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கிட்ட இன்னாத்துக்கு சார் சொல்ற?" என்றார். "திட்டு வாங்குனவ உள்ள கீறா."

அவரே கூப்பிட்டார். நாகம்மாள் அன்றைய சொம்பு நிறைய கேன் தண்ணீரோடு வந்தாள். ஹேமநாதன் எல்லாவற்றையும் மறுபடி சொன்னான். அவள் காலைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கினியா? அத்தினி பேரு எதுர்ல கண்ணு இல்லியான்னு கேட்டியே, அவங்கல்லாம் இப்ப எங்க?"

கேட் அருகே யாரும் இல்லை. ஏகாம்பரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க குரூப்புல போட்டுடறேங்க்கா," என்று ஹேமநாதன் செல்போனை எடுத்தான். அவன் விளக்குப் படம் போட்டுப் பாராட்டு வாங்கிய அதே குழு. கையெல்லாம் பாலிஷ், எழுத்து தடுமாறியது.

"படிச்சுக் காட்டு சார்."

தெருவில் நின்று படித்தான்.

"நான் ஒண்ணும் பண்லன்னு போட்டுக்கீறியா?"

"போட்டிருக்கேங்க்கா."

"பேரோட?"

"பேரோட."

"அனுப்பு."

அனுப்பினான். நாகம்மாள் சொம்பைத் தூக்கி அண்ணாந்து, விளக்குகளுக்கென்று கொண்டுவந்த தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். வெளியே நின்ற இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.