மல்வேர்னுக்கு வந்த மலை

ரொறன்ரோவின் மல்வேர்னில் குணவதியின் டவுன்ஹவுஸுக்குப் பின்னால் மலை முளைக்கத் தொடங்கியது ஒரு சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. முதலில் அது கத்தரிக் கன்று நடுவதற்குக் கொத்திவைத்த பாத்தியளவுதான் இருந்தது. அடுத்த ஞாயிறு கதிரையளவு. வைகாசி பிறந்தபோது வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது. அதே ஞாயிறுகளில் சுவிற்சர்லாந்தில், குணவதியின் தங்கை சாம்பவி நடக்கப் போகிற மலை, இங்கே எவ்வளவு எழும்பியதோ அவ்வளவு அங்கே பதிந்தது. பொறாமை இந்தளவு பாரம் தூக்குமா என்று கேட்கிறவர்கள் குணவதியை அறியாதவர்கள்.

சாம்பவியின் புருசன் அன்புராசாவை முதலில் பேசியது குணவதிக்குத்தான். சுவிஸிலிருந்து மாப்பிள்ளையின் படம் வந்தது. தோல் ஜக்கற் போட்ட அன்புராசா, அவனுக்குப் பின்னால் பனி மூடிய மலை, மலையின் வளைவில் திரும்பும் ஒரு மஞ்சள் பஸ். குணவதி மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, வளைவைப் பார்த்தாள். மேடு பள்ளமில்லாத யாழ்ப்பாணத்து ரோட்டிலேயே பஸ் ஏறினால் வயிற்றைக் குமட்டாமலிருக்கத் தேசிக்காய் மணந்துகொண்டு போகிறவள் அவள். "உந்த வளைவிலை எனக்குச் சத்தி வரும், வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். சம்பந்தம் தங்கைக்குப் போனது. குணவதிக்கு இரத்தினவேலும் கனடாவும் கிடைத்தன. இரத்தினவேல் தங்கமான மனுசன். கனடாவில் ரோட்டுகள் அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல நேராக இருந்தன. அந்த நேர் ரோட்டில், விடியாத பனிக்காலக் காலைகளில் பஸ் ஏறிப் பாண் செய்கிற தொழிற்சாலைக்கு ஷிப்டுக்குப் போய் வந்து, பிள்ளைகளை வளர்த்து, யூனியன்வில்லுக்குக் கட்டிக் கொடுத்து, அவளுடைய காலம் ஓடியது. ஒருநாளும் சத்தி வரவில்லை. தனக்கென்று ஒன்றுமே வரவில்லை என்பதும் பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

உறைக்க வைத்தது வட்ஸ்அப். குடும்பத்துக் குழுவில் ஞாயிறு தவறாமல் சாம்பவி படம் போட்டாள். வீட்டு வாசலில் பஸ் ஏறி ஒரு மலையூரில் இறங்கி, அங்கிருந்து மேலே ஏறி, மற்றப் பக்கத்து ஊருக்கு இறங்கி, அங்கே காத்து நிற்கும் இன்னொரு பஸ்ஸில் பொழுதுபடமுன் வீடு திரும்புவாள். எல்லாப் படத்துக்குக் கீழும் ஒரே வசனம்: பஸ்ஸிலை போய் பஸ்ஸிலை வந்தாச்சு. இந்த வசனம்தான் குணவதியின் வயிற்றைப் பற்றவைத்தது. தங்கை கெலிகொப்டரில் போயிருந்தால்கூட அவள் பொறுத்திருப்பாள், அது பணக்காரர் விசயம் என்று விட்டிருப்பாள். பஸ் என்றால் குணவதிக்கு வேலை, நித்திரைக் கண், தோளில் தோள் இடிக்கிற சனம். அதே பஸ் இன்னொருத்தியைச் சொர்க்கத்தின் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவதாவது! அன்புராசாமீது அவளுக்குத் துளி ஆசையும் இல்லை, அதைச் சத்தியம் பண்ணிச் சொல்லலாம். அவனுக்குப் பின்னால் நின்ற மலைதான் வேண்டியிருந்தது. அதைவிட மோசமான விசயம், டோர்செட் பார்க்கில் இருக்கும் இரத்தினவேலின் மச்சான் குடும்பத்தைச் சாம்பவி கூப்பிட்டிருந்தாள். பக்கத்து வீட்டு வேரோனிக்காவின் தம்பியைக்கூடக் கூப்பிட்டிருந்தாள். எல்லோரும் போய்ப் படம் பிடித்து, சொக்கிலேற்றோடு வந்து, ஆறுதலாக இருந்து கதை சொன்னார்கள். சொந்த அக்காவைப் பார்த்து "வா" என்று ஒரு சொல் இத்தனை வருசத்தில் வரவில்லை. அந்தச் சொல்லுக்காகத்தான் குணவதி ஒவ்வொரு ஞாயிறும் போனைத் திறந்தாள். வராதபோது இரண்டு விரலாலும் படத்தைப் பெரிசாக்கி, மலையை அடியிலிருந்து நுனிவரை பார்த்தாள். லைக் மட்டும் போடமாட்டாள்.

கண்ணூறு பட்ட மலை பதியத் தொடங்கியதை முதலில் கண்டுபிடித்தது சுவிஸ் பஸ் சாரதிகள். ரோட்டு கட்டையாகிப் போனதால் பஸ் நேரத்துக்கு முன்னமே மேலே போய்ச் சேர்ந்தது. அந்த நாட்டில் பஸ் முந்தி வருவது பிந்தி வருவதைவிடப் பெரிய அவமானம். சாரதிகள் வெட்கத்தோடு வளைவுகளில் நிறுத்திவைத்து நேரத்தைக் கடத்தினார்கள். அளக்கிற ஆட்கள் கருவிகளோடு வந்து நிலத்தடி நீரென்றும் வெப்பமென்றும் பல காரணம் சொன்னார்கள். மலை ஞாயிறுகளில் மட்டும் ஏன் பதிகிறது என்பதற்கு ஒருவரிடமும் பதில் இல்லை. மல்வேர்னில், அனுமதியில்லாமல் கட்டடம் எழுப்பக்கூடாது என்று மனேஜ்மென்ட் ஒபிஸ் எச்சரித்தது. இது கட்டடமில்லை என்று இரத்தினவேல் மரியாதையாகப் பதில் அனுப்பினார். ஆடியில் மலை பின்னாலிருந்த பற்றைவெளி முழுவதையும் பிடித்துக்கொண்டது. கழுத்தில் மணி கட்டிய பசுவொன்று எங்கிருந்தோ வந்து குணவதியின் பாவற்கொடியைத் தின்றது. ஆவணியில் உச்சியில் பனி விழுந்தது. அந்த வருசம் வெண்டிக்காய் விலை ஏறியிருந்ததால் சனம் அதைப்பற்றித்தான் கூடக் கதைத்தது. வேரோனிக்கா மட்டும் வேலியால் எட்டி, "அக்கா, உங்கடை மலை என்ரை தக்காளிக்கு வெயில் விடுதில்லை" என்றாள்.

"என்ரை மலையோ? நானோ கூப்பிட்டனான்?" என்று குணவதி திருப்பிக் கேட்டாள். அவள் அதில் காலே வைக்கவில்லை. மார்க்கமிலிருந்தெல்லாம் ஆட்கள் பஸ் ஏறி வந்து பார்சல் சாப்பாட்டோடு ஏறி இறங்கினார்கள். ஒரு புது பஸ் தரிப்பும் போட்டாயிற்று. அவள் குசினி யன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டு, சுவிஸில் மிச்சம் இருந்த மலையைப் போனில் பார்த்தாள்.

சாம்பவிக்கு விசயம் விளங்க நேரம் எடுக்கவில்லை. வடிவாயிருக்கு என்று அக்கா சொன்ன சட்டை அந்தக் கிழமையே கிழிந்துபோகும் வீட்டில் வளர்ந்தவள் அவள். அவளுடைய கவலை வேறு. கிழமை முழுக்க ஒரு ரெஸ்ரோறன்ற் குசினியில் கோப்பை கழுவுகிறவளுக்கு அந்த ஞாயிற்று மலையை விட்டால் வேறொன்றும் இல்லை. அன்புராசா அந்த மாப்பிள்ளைப் படம் எடுத்த அன்றைக்குப் பிறகு மலைப் பக்கமே போகவில்லை, அவனுக்கு மேடு பிடிக்காது. அவளுடைய படங்களையெல்லாம் வழியில் போகிற யாரோதான் எடுத்துக் கொடுத்தார்கள். மலை இப்படியே போனால் மாரிக்குள் தரையோடு தரையாகிவிடும். கண்ணூறு கழிப்பதற்கு உப்பு, செத்தல் மிளகாய், கர்ப்பூரம், கண் வைத்தவளின் காலடி மண் வேண்டும். மற்றதெல்லாம் சுவிஸ் தமிழ்க் கடையில் கிடைத்தது. காலடி மண்ணுக்காக அவள் ரொறன்ரோவுக்கு விமானம் ஏறினாள்.

வந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. அக்காவின் கால் மண்ணிலேயே படவில்லை. வீட்டுக்குள் காப்பெற், வாசலில் சீமெந்து, பஸ் தரிப்புவரை தார். ஒரு கிழமையாக அக்காவுக்குப் பின்னால் குனிந்து குனிந்து பார்த்துத் திரிந்தாள். இடுப்புப் பிடிப்போ என்று இரத்தினவேல் எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டுக்குப் பின்னாலிருந்த தோட்டத்தையும் மலை விழுங்கிவிட்டதால், மண் என்று இருந்தது அந்த மலையில் மட்டும்தான். அடுத்த ஞாயிறு காலை, தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, வேறு வழியில்லாமல் சாம்பவி சொன்னாள்: "அக்கா, என்னோடை ஒருக்கால் வாங்கோவன். மலைக்குப் போட்டு வருவம்."

குணவதி எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அழுதாளோ தெரியாது. வரும்போது தொழிற்சாலைக்குப் போடுகிற இரும்பு முனைச் சப்பாத்தைப் போட்டிருந்தாள், உறுதியான சப்பாத்து அவளிடம் வேறு இல்லை. இடியப்பமும் சம்பலும் பார்சல் கட்டினாள். மலை வீட்டுக்குப் பின்னாலேயே நின்றாலும், தங்கையைக் கூட்டிக்கொண்டு முன் வாசலால் போய், பஸ் ஏறி, சுற்றி வந்து, புதுத் தரிப்பில் இறங்கினாள். பஸ்ஸிலை போய் பஸ்ஸிலை வாறதெண்டால் அப்படித்தான் என்றாள். தரிப்புக்குப் போகும் மலை ரோட்டில் பஸ் வளைந்து வளைந்து ஏறியது. குணவதிக்குச் சத்தி வந்தது. தரிப்பில் இறங்கியதும் புல்லில் எடுத்துவிட்டு, வாயைத் துடைத்து, "இவ்வளவுதானே, இதுக்கே பயந்தனான்!" என்று மேலே நடந்தாள்.

சாம்பவி பின்னால் வந்து, இரும்புச் சப்பாத்துப் பதிந்த இடங்களிலிருந்து மண்ணைக் கிள்ளி லேஞ்சி நுனியில் முடிந்தாள். உச்சிக்குப் போய்த் திரும்பிய குணவதி அதைக் கண்டுவிட்டாள்.

"உதென்ன, என்ரை காலடி மண்ணோ?"

சாம்பவி ஓம் என்றாள்.

"கேட்டிருந்தால் நானே அள்ளித் தந்திருப்பனே. வா எண்டு ஒரு சொல்லுச் சொல்ல உனக்கு இவ்வளவு காலம் வேணுமோடி?"

"நீங்கள் வேண்டாமெண்டு விட்ட இடமக்கா அது. வா எண்டால் குத்திக் காட்டுறன் எண்டு நினைப்பியள் எண்டு பயந்தன்."

அதற்குப் பிறகு இருவரும் இடியப்பம் சாப்பிட்டார்கள். அன்று பின்னேரம் குசினியில் சாம்பவி உப்பையும் மிளகாயையும் மண்ணையும் கையில் பொத்தி, யன்னலால் மலையைப் பார்த்துச் சுற்றிக் கர்ப்பூர நெருப்பில் போட்டாள். பெரிய கண்ணூறு என்றால் மிளகாய் நெடி அடிக்காது. ஒரு பைக்கற் மிளகாய் எரிந்தும் ஒருவரும் இருமவில்லை, புகை அலாரம்கூட வாய் திறக்கவில்லை. அன்றோடு சுவிஸ் மலை பதிவதை நிறுத்தியது, மல்வேர்ன் மலை எழும்புவதை நிறுத்தியது. வந்தது திரும்பிப் போகவில்லை. பாதி அங்கே, பாதி இங்கே. சுவிஸ்காரர் பஸ் நேரங்களை மாற்றி எழுதிக்கொண்டார்கள்.

சாம்பவி திரும்பிப் போன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, குணவதி தனியாகப் பஸ் ஏறிப் போய், உச்சியில் நின்ற ஒரு சீனப் பெண்ணிடம் போனைக் கொடுத்துப் படம் எடுத்து, முதல் முறையாகக் குடும்பக் குழுவில் போட்டாள். பின்னால் பனி, பசு, தூரத்தில் ரொறன்ரோக் கோபுரம். பஸ்ஸிலை போய் பஸ்ஸிலை வந்தாச்சு என்று கீழே எழுதினாள். சாம்பவியிடமிருந்து பதில் இல்லை, லைக்கும் இல்லை. பின்னேரம் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றபோது, யன்னலுக்கு வெளியே மல்வேர்ன் மலை ஒரு சாண் பதிந்ததைக் குணவதி தன் கண்ணாலேயே கண்டாள்.

"இஞ்சேருங்கோ" என்று இரத்தினவேலைக் கூப்பிட்டாள். "அவள் பாக்கிறாள்."

இரத்தினவேல் வந்து பார்த்தார். மிளகாய் இருக்கிறதா என்று கேட்டார். வேண்டாம் என்றாள் குணவதி. கையைத் துடைத்துக்கொண்டு கதிரையில் இருந்து, சாம்பவி அன்று போட்ட படத்தைத் திறந்து, லைக் போட்டுவிட்டு, இரண்டு விரலாலும் பெரிசாக்கிப் பார்க்கத் தொடங்கினாள். மலை பழையபடி ஒரு சாண் எழும்பியது. அன்றிலிருந்து அது ஞாயிறுகளில் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். வேரோனிக்கா தக்காளியை முன் வாசலுக்கு மாற்றிவிட்டாள்.