தொமிங்கோவுக்கு வந்த மா

துணியில தைச்ச பொதி ஒண்டு என்ர குசினி மேசையில இருக்குது. தூக்கிப் பாத்தால் மா. மணந்து பாத்தால் வறுத்த மா. "மா வறுத்து அனுப்பியிருக்கிறன், கப்பலில வரும்" எண்டு ஊரில இருந்து மாமி எப்பவோ எழுதினவ. பொதிக்கு மேல இருந்த விலாசம் மழையில ஊறி நீலமாய்ப் பரவிக் கிடக்குது. இதுக்குப் பிறகும் இது ஆரின்ர மாவோ எண்டு எங்கட ஊர்ப்பக்கத்துப் பொம்பிளை ஒருத்தி விசாரிச்சுக்கொண்டு நிப்பாளோ? பிட்டுக்குத் தண்ணியைக் கொதிக்க வைப்பாள். நானும் வைச்சன்.

இதை நானே சொல்லவேண்டி வந்ததுக்குக் காரணம் இவர்தான். வீட்டுக்கு ஆர் வந்தாலும், "சத்தியபாமா பக்கத்து வீட்டு நோயாளியின்ர சாப்பாட்டைத் திண்டு முடிச்சவள்" எண்டு பகிடியாச் சொல்லுவார். தபால்காரனிட்டப் பொதியை வாங்கினது ஆர், வாங்கினதை ஒரு வார்த்தை சொல்லாமல் மேசையில வைச்சிட்டுப் போய்க் குறட்டை விட்டது ஆர் எண்டதை மட்டும் விட்டுடுவார்.

அப்ப எழுபத்து நாலாம் ஆண்டு. சிட்னியில இருந்து ஒரு நாள் ரெயின் ஓட்டத்தில, டண்டினொங்கில வாடகை வீடு. இவர், வரதராஜன், ஊரில எஞ்சினியர். இஞ்ச லொறி பூட்டுற பக்ரறியில இரவு வேலை. வேலிக்கு அங்கால நியேவெஸும் அவவின்ர மனுசன் தொமிங்கோவும். ஸ்பெயின்காரர் எண்டுதான் ரோட்டில எல்லாரும் சொல்லுறது. நியேவெஸுக்கு அப்பிடிச் சொன்னால் முகம் கறுத்துப் போகும். "நாங்கள் தீவு ஆக்கள்" எண்டுவா. லா பால்மாவாம். ஸ்பெயினுக்குத்தான் சொந்தமாம், ஆனால் ஆபிரிக்காவுக்குப் பக்கத்தில, கடலுக்குள்ள கிடக்குதாம். நான் புங்குடுதீவு. யாழ்ப்பாணத்து ஆக்கள் எங்களைத் "தீவார்" எண்டு மூக்கைச் சுழிச்சுக்கொண்டு சொல்லுறது தெரியும்தானே. அதை எனக்குத் தெரிஞ்ச இங்கிலிசில அவவுக்கு விளங்கப்படுத்தினன். அவவுக்குத் தெரிஞ்ச இங்கிலிசில அவ விளங்கிக்கொண்டா. அண்டு தொடக்கம் நாங்கள் கூட்டு.

ஆனால் அவவின்ர சமையலைப் பாத்தால் எனக்கு நெஞ்சு பதறும். சின்னச் சின்ன உருளைக்கிழங்கைத் தோலோட பானையில போட்டு, உப்பை அள்ளி அள்ளிக் கொட்டுவா. "ஐயோ, காணும்!" எண்டு நான் கத்துவன். அவ இன்னொரு கை அள்ளுவா. அவிஞ்ச பிறகு தண்ணியை வடிச்சுப்போட்டு, திரும்பவும் அடுப்பில வைச்சுப் பானையைப் பிடிச்சுக் குலுக்கோ குலுக்கெண்டு குலுக்குவா. தோல் சுருங்கி, மேல வெள்ளையாய் உப்புப் பூத்து வரும். தோலை உரிக்கக்கூடாது. உரிச்சால் கையில தட்டுவா. உள்ளுக்கு உப்புக் கரிக்காது, அது எப்பிடியெண்டு இண்டைக்கும் எனக்கு விளங்கேல்லை. தொட்டுத் தின்னுறதுக்குச் செத்தல் மிளகாய், உள்ளி, நற்சீரகம் எல்லாத்தையும் உரலில இடிச்சு, எண்ணெயும் வினாகிரியும் விட்ட சிவப்புச் சம்பல். மோஹோ எண்டு பேராம். முதல் நாள் திண்டிட்டு, "உறைப்புக் காணாது" எண்டன். அடுத்த நாள் வேலிக்கு மேலால ஒரு கிண்ணம் வந்துது. கண்ணால தண்ணி ஓடிச்சுது. அவவுக்குச் சொல்லேல்லை.

அந்த வருசக் குளிருக்குள்ள தொமிங்கோவுக்கு வயித்தில ஒப்பரேசன். கதவு நிலையில தலை இடிக்கிற மனுசன். ஆஸ்பத்திரியால வரேக்க போர்வைக்குள்ள ஆளைத் தேடவேண்டியிருந்துது. காயம் ஆறீட்டுதாம், சாப்பிடலாமாம். அவர் சாப்பிடேல்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திட்டார். நியேவெஸ் சூப் வைச்சா, கிழங்கு மசிச்சா. நான் கஞ்சி காய்ச்சிக் குடுத்தன். உதட்டை இறுக்கிக்கொண்டு கிடப்பார். திறந்தால் ஒரே ஒரு சொல்லு: கோஃபியோ. அது ஏதோ மீன் எண்டு நான் நினைச்சன். "தங்கச்சிக்கு எழுதியிருக்கிறன், அனுப்புவாள்" எண்டு மட்டும் நியேவெஸ் சொன்னா.

வீட்டுக்கு வந்து பாத்த டொக்ரர், திங்கட்கிழமைக்குள்ள சாப்பிடத் தொடங்காட்டில் திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஏத்துவன் எண்டிட்டார். அதைக் கேட்ட பிறகு தொமிங்கோ கோஃபியோ எண்டு கேக்கிறதையும் விட்டிட்டார். "இந்த முறை போனால் திரும்பி வரமாட்டார், பாமா" எண்டு நியேவெஸ் வேலியைப் பிடிச்சுக்கொண்டு சொன்னா. அப்பிடியெல்லாம் சொல்லாதையும் எண்டு அவவைப் பேசினன். எனக்கும் அந்தப் பயம்தான்.

பொதி வந்தது வியாழக்கிழமை. அண்டைக்கு எங்கட வீட்டில தேவராஜா அண்ணை நிண்டவர். இவரோட ஒண்டாய்ப் படிச்சவர், சிட்னியில பிளாக்டவுனில இருக்கிறவர். பிட்டுக் குடுக்காமல் அவரை ரெயின் ஏத்துறதோ? பையைப் பிரிச்சுக் கொட்டினன். மா மஞ்சளாய் இருந்துது.

"மாமிக்குக் கண் தெரியேல்லைப் போல. சோளனையும் கலந்து போட்டா" எண்டன்.

"அம்மாவின்ர கையைக் குறை சொல்லாதையும்" எண்டார் இவர்.

சுடுதண்ணி விட்டுக் குழைச்சால் உதிருது. இன்னும் விட்டால் களியாகுது. மாமியைப் பேசிப் பேசி, தேங்காய்ப்பூவும் போட்டு, ஒரு மாதிரி அவிச்சு இறக்கினன். இவர் ஒரு வாய் வைச்சார். "அம்மா கொஞ்சம் கூட வறுத்துப்போட்டா" எண்டார். சொல்லிப்போட்டு ரெண்டாந்தரமும் கோப்பையை நீட்டினார். குறை சொல்லாமல் ஒரு வாய் இறக்கினால் எங்கட ஆம்பிளையளுக்குச் செமிக்காது. தேவராஜா அண்ணை திண்டுகொண்டே இருந்தார். வெள்ளிக்கிழமை விடிய அவர் வெளிக்கிடேக்க, வெறுங்கையோட ஆளை அனுப்புறது சரியில்லை எண்டு மிச்ச மாவையும் பையோட கட்டிக் குடுத்துவிட்டன்.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில நியேவெஸ் ஓடி வந்தா. தபால்காரனை ரோட்டில மறிச்சுக் கேட்டவவாம், நேற்றுப் பொதியைப் பக்கத்து வீட்டு ஐயாவிட்டக் குடுத்தனான் எண்டானாம். முகம் முழுக்கச் சிரிப்பு. அவ அப்பிடிச் சிரிச்சு நான் கண்டு கனகாலம்.

"கோஃபியோ வந்திட்டுது, பாமா!" எண்டு ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிக்கிறா.

நான் இவரைப் பாத்தன். இவர் தேத்தண்ணிக்குள்ள பாத்தார்.

"இஞ்சாருங்கோ, தபால்காரன் பொதியைத் தரேக்க என்ன சொன்னவன்?"

"என்னவோ சொன்னவன். பக்கத்து வீட்டில கதவு திறக்கேல்லை எண்டு ஏதோ. நான் வேலையால வந்த நித்திரை மயக்கத்தில நிண்டனான்."

"நாசமாப் போச்சு" எண்டன்.

ஒளிக்கிறதுக்கு என்ன இருக்குது? திண்டிட்டம் எண்டு சொன்னன். மிச்சம் சிட்னி ரெயினில போகுது எண்டும் சொன்னன். அவ வாய்க்கு வந்தபடி பேசியிருந்தால் தாங்கியிருப்பன்; அதை அப்பிடியே இவர் பக்கம் திருப்பியும் விட்டிருப்பன். நியேவெஸ் போய்க் கதிரையில இருந்தா. கழுவிக் கவிட்டு வைச்ச பிட்டுக்குழலைப் பாத்தா. நீட்டின கை ரெண்டும் மடியில விரிஞ்சபடி கிடந்துது.

"கோஃபியோ எண்டால் வறுத்த மாவே?" எண்டு கேட்டன்.

"ஓம். கோதுமை, சோளன்."

"மா வறுக்கிறதுக்கே இந்தப் பாடு? எழும்பும்! எங்களுக்கு இதைவிட்டால் வேற என்ன வேலை?"

எழும்பினா. ஆனால் முகத்தில நம்பிக்கை இல்லை. எனக்கும் பெரிசாய் இல்லை. சத்தம் போட்டால் நம்பிக்கை வரும் எண்டு போட்டனான்.

கோதுமையும் சோளனும் முழுசாய் வேணும். டண்டினொங் சந்தையில கோழித் தீன் விக்கிற கடையிலதான் ரெண்டும் கிடந்துது.

"எத்தினை கோழி வளக்கிறியள்?" எண்டான் கடைக்காரன்.

"ஒண்டுதான்" எண்டன். "அதுக்கும் சுகமில்லை."

பாவம், ஒரு கை கூட அள்ளிப் போட்டான்.

சண்டை அதுக்குப் பிறகுதான். அரைச்சு மாவாக்கிப்போட்டு வறுக்கிறது எங்கட முறை. நியேவெஸ் என்னெண்டால் சோளனை முழுசாய்த் தாச்சியில கொட்டுறா. "முதல் அரைக்கவேணும்!" எண்டன். "முதல் வறுக்கவேணும்!" எண்டா. விசாரிச்சுப் பாத்தால் அவ வாழ்க்கையில கோஃபியோ வறுத்ததே இல்லை. தாயும் தங்கச்சியும் வறுப்பினமாம், சாக்கைத் தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போறதுதான் இவவின்ர வேலையாம். அப்ப அவவுக்கு எதுக்குப் பிறகு எது எண்டு தெரியும், எப்ப இறக்கிறது எண்டு தெரியாது. எனக்கு இறக்கிற நேரம் மூக்குக்குத் தெரியும், ஆனால் முழுத் தானியம் வறுத்துப் பழக்கமில்லை. மனுசன் அவவின்ர மனுசன் எண்டு விட்டுக் குடுத்தன்.

சோளன் வெடிச்சு அவவின்ர குசினி முழுக்கப் பறந்துது. மணம் எழும்பினவுடன "இறக்கும்" எண்டன்.

"இன்னும்" எண்டா.

"கருகப் போகுது!"

"இன்னும் கொஞ்சம், பாமா!"

அகப்பையை நான் ஒரு பக்கம் இழுக்க, அவ மற்றப் பக்கம் இழுத்தா. கடைசியில அவதான் வெண்டா. கொஞ்சம் கருகினதும் உண்மைதான். அவவின்ர சுவரில பூட்டியிருந்த கோப்பி அரைக்கிற மெசினில மாறி மாறிச் சுத்தினம். தோள்மூட்டு விட்டுப் போச்சு. அரிதட்டில அரிச்செடுத்தால் மண்ணிறமாய் ஒரு மா, கோப்பி மணமும் சேத்து. நியேவெஸ் அதில வாழைப்பழத்தைப் பிசைஞ்சு, சீனி போட்டு, பாலைத் தெளிச்சுத் தெளிச்சு உருட்டினா. அடுப்பில வைக்கிறதில்லையாம், அவிக்கிறதில்லையாம். இதுக்குப் போய் ஒரு சமையல் எண்டு பேர்.

தொமிங்கோ சுவர்ப்பக்கம்தான் கிடந்தார். நியேவெஸ் உருண்டையில ஒரு துண்டைக் கிள்ளி, வாயில வைக்காமல், மூக்குக்குக் கிட்டப் பிடிச்சா. நான் கதவடியில நிண்டு பிள்ளையாரைக் கூப்பிட்டன். அவருக்கு லா பால்மாவைத் தெரியுமோ தெரியாது, கூப்பிட்டன். பிறகு உதடு திறந்துது. மென்றார். மென்றுகொண்டே கிடந்தார். நான் அவரின்ர தொண்டையையே பாத்துக்கொண்டு நிண்டன். தொண்டை ஏறி இறங்கிச்சுது.

மனுசன் மெல்ல இஞ்சால திரும்பினார். ஸ்பானிசில கதைக்கத் தொடங்கினார். கதை நீண்டுகொண்டே போகுது, விரலையும் ஆட்டுறார். நியேவெஸ் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்குறா. முடிஞ்சுது எண்டு நினைச்சன்.

"என்னவாம்?" எண்டு கேட்டன்.

"கருகிப் போச்சாம். கோப்பி மணக்குதாம். ஆர் இதை வறுத்தது எண்டு கேக்கிறார். அவரின்ர அம்மா கண்டால் இதை ஆட்டுக்கும் வைக்கமாட்டாவாம்."

"நான் அப்பவே இறக்கச் சொன்னனான்!" எண்டு கத்திப்போட்டன்.

"ஓம், சொன்னனீர்" எண்டா. கண்ணீர் நாடியால ஓடுது. "இன்னொரு துண்டு கேக்கிறார், பாமா."

வீட்டுக்கு வந்து குசினிக் கதவைச் சாத்திப்போட்டு விக்கி விக்கி அழுதன். இவர் பயந்து ஓடி வந்து என்ன எண்டு கேட்டார். நான் வறுத்ததைத் தொமிங்கோ கருகல் எண்டு சொல்லிப்போட்டார், அதுதான் கோவம் எண்டன். இவர் நம்பிட்டார்.

திங்கட்கிழமை டொக்ரர் வரேக்க நானும் அங்கதான் நிண்டனான். தொமிங்கோ போர்வையைச் சுத்திக்கொண்டு குசினிக் கதிரையில இருந்தார். அடுப்பில உருளைக்கிழங்கு. உப்புக் காணாதாம் எண்டு நியேவெஸோட சண்டை. அவ என்னைத் திரும்பிப் பாத்துக்கொண்டு இன்னொரு கை அள்ளினா. நான் வாயைத் திறக்கேல்லை.