வெர்ன் டைக் கேட்ட அளவு

அந்த ஞாயிறு மதியம் வில்லோ ஃபிளாட் ஐஸ் ஹாக்கி ரிங்கில் இருந்தவர்கள்: எங்கள் ஊர் ஆட்டக்காரர்கள் பதினான்கு பேர். பாக்ஸ்டர் ஊர்க்காரர்கள் பதினெட்டு பேர். நடுவர் கிளிஃப், வார நாட்களில் டிராக்டர் விற்பவர். கமிட்டித் தலைவி கெர்ட் லோஃப்கிரென். அறுநூறு பேர் வாழும் ஊரில் எழுநூறு பேர் கூட்டம். தப்பாட்டம் ஆடியவர்களை உட்கார வைக்கும் தண்டனைக் கூண்டுகளின் கதவைத் திறந்து மூடும் நான், சுரங்கத்தில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்தவன். கடைசியாக, கோச் வெர்ன் டைக்.

வெர்ன் பதினோரு வருஷம் சின்ன லீக்குகளில் பஸ்ஸிலேயே தூங்கி ஆடியவர். பெரிய லீக்கில் ஆடியது மொத்தம் இரண்டே ஆட்டம். முழங்கால் போனதும் ஊருக்கு வந்து கோச் ஆனார். நான்கு வருஷமாகியும் கோப்பை வரவில்லை. இன்று இறுதி ஆட்டம்.

"ஜெயிச்சா நீ இருப்ப, வெர்ன். தோத்தா வேற ஆளு" என்றாள் கெர்ட்.

"யாரு, உன் மருமகனா? அவனுக்கு ஸ்கேட் கயிறு கட்டவே நீதானே வரணும்?"

எங்கள் லீக்கில் கோச்சும் ஆட்டக்காரர் பட்டியலில் இருக்கலாம். ஆள் பற்றாக்குறை என்பதால் வெர்ன் மேல்கோட்டுக்குள் முழு ஆட்ட உடுப்போடுதான் நிற்பார். அந்த சீசனில் ஒருமுறைகூட ஐஸில் இறங்கவில்லை.

கோல் மூன்றுக்கு மூன்று. பாக்கி ஒரு நிமிஷம் ஐம்பத்திரண்டு நொடி. வெர்ன் நடுவரைக் கூப்பிட்டார்.

"கிளிஃப், அந்த பாக்ஸ்டர்காரன் பிராடியோட மட்டைய அள."

மட்டையின் வளைவு அளவை மீறினால் அதை வைத்திருப்பவனுக்கு இரண்டு நிமிஷக் கூண்டு. மீறவில்லை என்றால், அளக்கச் சொன்ன அணிக்கு அதே தண்டனை.

"கோச், நிச்சயமா?" என்றான் எங்கள் கேப்டன் கோரி.

"முதல் பீரியட்ல பாத்தேன்டா. அதுல சூப்பே அள்ளிக் குடிக்கலாம்."

கிளிஃப் அளவுக்கட்டையை வைத்தார். வளைவு சரியாக இருந்தது. பாக்ஸ்டர் பெஞ்ச் ஓலமிட்டது.

எங்கள் பக்கத்தில் யார்தான் இதைச் செய்யவில்லை? ஆட்டத்தின் பெரும்பகுதிக்கு வளைந்த மட்டை, கடைசிப் பத்து நிமிஷத்துக்கு நேர்மட்டை. அளவு கேட்பது கடைசியில்தான். வெர்னே பதினோரு வருஷம் அப்படி ஆடியவர். பிராடியும் மட்டையை மாற்றியிருப்பான் என்பதைப் பதற்றத்தில் மறந்துவிட்டார்.

"ரெண்டு நிமிஷம், வெர்ன். கூண்டுக்கு யார அனுப்புற?" என்றார் கிளிஃப்.

அவர் கோட்டைக் கழற்றி எறிந்தார். "நானே போறேன். ஓடத் தெரிஞ்சவன்லாம் வெளிய இருக்கட்டும்."

கூண்டுக்குள் வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டார். ஐந்து பேருக்கு எதிராக எங்கள் நான்கு பேர். பிராடி அடித்த ரப்பர் வட்டு எங்கள் கோல்கீப்பரின் மார்பில் பட்டது. அடுத்தது கோல் கம்பத்தில் மோதி ரிங்கே அதிர்ந்தது.

"கோரி! நடுவுல விடாதடா! மட்டைய நீட்டு!"

பாக்கி முப்பத்தோரு நொடி. பிராடியின் பாஸ் கோரியின் முழங்காலில் பட்டுத் தெறித்தது. முன்னால் யாருமில்லை. கோரி ஓடினான். எழுநூறு பேரும் எழுந்து நின்றார்கள். கோல்கீப்பரின் கால்களுக்கு நடுவே வட்டு போனது.

வெர்ன் கண்ணாடியை அறைந்த அறையில் என் காபி கவிழ்ந்தது.

பாக்ஸ்டர் கோல்கீப்பரை வெளியே இழுத்து ஆறாவது ஆளை இறக்கியது. எங்கள் எல்லையிலிருந்து யாரோ தூக்கியடித்த வட்டு, நத்தை மாதிரி ஊர்ந்து, நான்கு நொடி இருக்கும்போது காலி வலைக்குள் போனது. ஐந்துக்கு மூன்று.

கெர்ட் ஒற்றைப் பூட்ஸைக் கழற்றி ரிங்கின் தடுப்புப் பலகையில் அடித்துக் கத்தினாள்: "அடுத்த வருஷமும் நீதான்டா, மடப்பயலே!"

பிராடி நேர்மட்டையைக் கம்பத்தில் அடித்து இரண்டாக்கினான். தண்டனை என்று கிளிஃப் கையைத் தூக்கினார். பிராடி என் மேஜைக்கு அடுத்த பக்கத்துக் கூண்டுக்கு வந்தான்.

"நல்ல மட்டையாச்சேடா. ஏன் உடைச்ச?" என்றார் வெர்ன்.

"வளைஞ்சதுக்கு வெல ஜாஸ்தி, பெருசு."

வெர்ன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் பிராடியை உள்ளே விட்டு, கதவைச் சாத்தி, தாழைப் போட்டேன்.