மூன்றாம் பெட்டி

நூற்றிருபது மணித்தியாலங்கள் நெல் நாற்றுகள் இருட்டில் இருந்தன. மூன்றாம் பெட்டி மட்டும் நூற்றுப் பதினாறு. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

வவுணதீவில், எங்கள் வயல்வட்டையில் விதைக்குமுன் நெல்லை நனைத்துச் சாக்கில் கட்டி வைப்போம். இடையிடையே அவிழ்த்துக் கைவிட்டுச் சூடு பார்ப்போம், தண்ணீர் தெளிப்போம். கை அப்படிப் பழகிவிட்டது. இன்று காலை, நான் உதவிக்கு நிற்கும் பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலும் அது தன்பாட்டில் பெட்டி மூடியைத் திறந்தது. மற்றக் கையில் போன் டோர்ச்.

உள்ளே நூல்போல நாற்றுகள். நுனியெல்லாம் வெளிர் மஞ்சள், விடியும்போது வாவியில் கிடக்கும் நிறம். ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இளம் இலைக்கு ஒரு நிமிடம் போதும். பச்சையாவதற்கு வெகுமுன்பே அது வெளிச்சத்தை அறிந்துவிடும். உறங்கிக் கிடந்த மரபணுக்கள் விழித்து, பச்சையத்துக்கான செய்திகளை எழுதத் தொடங்கும். வெளியே மஞ்சள் அப்படியே இருக்கும்.

நண்பகலில், இருட்டறையில், இலைகள் அவ்வளவாக உணராத மங்கிய பச்சை விளக்கில் அஜந்தா அக்கா இலைகளை வெட்டத் தொடங்கினார். அவருடைய முதுமாணிப் பட்டத்துக்கான ஆய்வு இது. மூன்று பெட்டி இலைகளையும் ஒன்றாக அரைத்து, வெளிச்சமே படாத இலையில் எந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

"சோதிக்கிற மருந்து கிட் ஒண்டுதான் மிச்சம்," என்றார். "இது சரியா வந்தா மார்கழிக்குள்ள எழுதிக் குடுத்திருவன்."

ஆய்வுகூட உதவியாளர் நிஸ்தார் நானா இலைகளை உறையவைக்கத் திரவ நைதரசன் குடுவையோடு வந்தார்.

"என்ன புள்ள தனுஷா, காலையில இருந்து ஒரு கதையுமில்ல?"

"ஒண்டுமில்ல நானா."

"இவவுக்கு வாயத் திறக்கவும் பச்சை லைட் போடணும் போல."

அக்கா சிரித்தார். "அவள விடுங்க நானா. இலையப் பாருங்க, என்ன மஞ்சள். ஒரு பொட்டு வெளிச்சம் படல்ல."

குடுவையிலிருந்து வெண்புகை மேசைமேல் மெல்லப் படர்ந்தது. முதல் இரண்டு பெட்டிகளும் முடிந்தன. அக்கா மூன்றாவதை இழுத்தார். நாற்றுகள் எல்லாம் ஒரேமாதிரித்தான் நின்றன. நான் பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இருட்டிலேயே அந்த மரபணுக்கள் விழித்திருந்தன என்று முடிவு வரும். அக்கா அதை நம்பி எழுதுவார்.

கத்தரிக்கோல் விரிந்தது.

"அக்கா, அத வெட்டாதீங்க."

அவர் நிமிர்ந்தார். "ஏன்?"

"காலையில எட்டு மணிக்கு நான் அதத் திறந்து டோர்ச் அடிச்சிட்டன்."